முட்டுக்கட்டை

காலை ஒன்பது இருபது. வண்டியில் நாலு பேர். ஓட்டியவன் சென்னியப்பன், அதாவது நான்.

தப்பாக நினைக்காதீங்க, எனக்கு எதைச் சொன்னாலும் இப்படித்தான் வரும். முப்பத்தொரு வருஷம் கவர்மென்ட் பஸ்ஸில் கண்டக்டர். வழியில் எது நடந்தாலும் டிப்போவில் முதலில் கேட்பது மணி என்ன, உள்ளே எத்தனை பேர், ஓட்டியவன் பேர் என்ன என்றுதான். அடி பட்டதா, இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

நீங்க கரூர்தானே? அப்படியானால் நேரம் இருக்கிறது. இப்போது இந்த டிரைவர் பிரேக் போட்டதும் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தீங்களே, அதைப் பார்த்ததும்தான் சொல்லத் தோன்றியது. பயப்படாதீங்க. இந்த பஸ்ஸுக்குப் பிரேக் நன்றாக இருக்கிறது. பிரேக் இல்லாத வண்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் வண்டியே அப்படித்தான் இருந்தது. அதிலும் என்ன கொடுமை என்றால், சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. ஒரேயடியாக இல்லாமல் போயிருந்தால் காயலான் கடையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ரிட்டயர்டு ஆன மறுவருஷம் கார் வாங்கினேன். எனக்கு லைசென்ஸ் மூன்றாவது தடவைதான் கிடைத்தது. முதல் இரண்டு தடவை அந்த இன்ஸ்பெக்டருக்கு ஏனோ என்னைப் பிடிக்கவில்லை. ஓட்டத் தெரியாமல் இல்லை. முப்பத்தொரு வருஷம் டிரைவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தவன் நான். நல்ல டிரைவிங் என்பது முதுகில் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வந்துவிட்டது.

காரை முடித்துக் கொடுத்தவன் என் மச்சினன் குழந்தைசாமி. மயிலாத்தாளுக்கு ஒரே தம்பி. மயிலாத்தாள் என் சம்சாரம். பேர்தான் குழந்தை, ஆள் வாசலில் வந்து நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது. எங்கள் கொளத்துப்பாளையத்திலேயே மரம் அறுக்கிற மில் வைத்திருக்கிறான். ஒருநாள் வந்து, "மச்சான், நல்ல வண்டி ஒண்ணு வந்திருக்குதுங்க. ஸ்கூல் வண்டி. பாத்துட்டுச் சொல்லுங்க" என்றான்.

ஸ்கூல் வண்டி என்றால் நீங்க என்ன நினைப்பீங்க? யாரோ ஒரு ஹெட்மாஸ்டர் வைத்திருந்தது. காலையில் ஸ்கூல், சாயங்காலம் வீடு, நடுவில் வேப்பமரத்து நிழல். நானும் அதைத்தான் நினைத்தேன். வெள்ளை நிறத்தில் சின்ன வண்டி. ஒரு காலத்தில் டாக்டர்கள் எல்லாம் வைத்திருந்தார்களே, அந்த மாதிரி. பின்பக்கக் கண்ணாடிக்குக் கீழே, புதுப் பெயிண்டுக்கு அடியில், இங்கிலீஷ் எழுத்து ‘எல்’லின் தடம் லேசாகத் தெரிந்தது. லட்சுமிக்கு உள்ள எல். பக்தியான ஹெட்மாஸ்டர் என்று வைத்துக்கொண்டேன். தெருவில் எல்லோரிடமும் அப்படியே சொன்னேன். கேட்கிறவர்கள் மேலும் மேலும் கேட்டதில், அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஹெட்மாஸ்டர் ஆனவர் என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன்.

வண்டியில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு கால்பலகை. முன்னால் இடதுபக்கம் உட்காருகிறவர் கால் வைத்துக்கொள்ள, சாய்வாக, பச்சை ரெக்சின் போர்த்தி ஒரு பலகை. ஹெட்மாஸ்டர் சம்சாரத்துக்கு மூட்டுவலி போலிருக்கிறது என்று மயிலாத்தாளிடம் சொன்னேன். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில்லை. சொந்தக் காரில் இடதுபக்கம் உட்காருகிறவன் எதற்குக் கார் வாங்குகிறான், சொல்லுங்க?

முதல் கோளாறு வாங்கின மாசமே வந்தது. நானும் மயிலாத்தாளும் கொடுமுடி கோயிலுக்குப் போகிறோம். முன்னால் ஒரு கரும்பு லாரி. எதிரே ஒரு டிராக்டர் வருகிறது, நல்ல தூரத்தில். நான் ஏறிப் போய்விடலாம் என்று ஆக்ஸிலேட்டரை அமுக்குகிறேன். வண்டி போகமாட்டேன் என்கிறது. யாரோ பின்னால் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி திணறுகிறது. டிராக்டர் கடந்து போனதும் தானாகச் சரியாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால், மயிலாத்தாள் ஜன்னல் வழியாக வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

இது அடிக்கடி நடக்க ஆரம்பித்தது. வளைவில் நான் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் தானாகப் பிரேக் பிடிக்கும். ஆடு குறுக்கே வந்தால், நான் காலைத் தூக்கி வைப்பதற்கு முன்னாலேயே பிடிக்கும். மெக்கானிக் இன்னாசியிடம் கொண்டுபோனேன். நல்ல தொழில்காரன், வெற்றிலை மட்டும் போடாமல் இருக்கமாட்டான்.

"பிரேக் ஜாம் ஆகுதுங்ணா" என்று நாலு சக்கரத்தையும் கழற்றிச் சுத்தம் பண்ணி, வீல் சிலிண்டர் மாற்றிக் கொடுத்தான். நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன். பட்டு மாதிரி ஓடியது. மறுநாள் மயிலாத்தாள் ஏறினாள். மறுபடியும் ஜாம்.

இன்னாசி யோசித்தான். இடதுபக்கம் பாரம் ஏறினால் ஏதோ உரசுகிறது என்றான். சரி என்று அவள் எடைக்கு இரண்டு மூட்டை அரிசியை இடதுபக்கம் ஏற்றி, பெல்ட் போட்டு, காவிரிப் பாலம் வரைக்கும் போய் வந்தோம். ஒன்றுமே ஆகவில்லை. அரிசி மூட்டைக்கு ஆகாத ஜாம், அவளுக்கு ஆகிறது. இதை மெக்கானிக் சரிபண்ண முடியுமா? வீட்டுக்கு வந்து பக்குவமாகத்தான் சொன்னேன்.

"மயிலா, உன் ராசிக்கு இந்த வண்டி ஒத்துக்கல போல. நீ ஏறினாத்தான் இப்படி."

"ஆமாங்க" என்றாள். "நான் ஏறினாத்தான் வண்டிக்குப் புத்தி வருது."

திமிர்ப் பேச்சு. அவர்கள் குடும்பமே அப்படித்தான்.

இதைக் கேள்விப்பட்டுக் குழந்தைசாமி வந்தான். "ஹேண்ட் பிரேக்கும் பழசுதானுங்க மச்சான். மேட்டுல நிறுத்தினா எதுக்கும் ஒரு முட்டுக்கட்டை வச்சுக்கங்க" என்று மில்லிலிருந்து ஒரு கட்டை கொண்டுவந்து கொடுத்தான். முட்டுக்கட்டை என்றதும் பேப்பரில் வருகிற முட்டுக்கட்டை என்று நினைக்காதீங்க. பட்ஜெட்டுக்கு முட்டுக்கட்டை, பேச்சுவார்த்தைக்கு முட்டுக்கட்டை, அதெல்லாம் இல்லை. நிஜக் கட்டை. வண்டி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கிறது. வைரம் பாய்ந்த புளியமரம், ஆப்பு மாதிரி ஒருபக்கம் சரித்து இழைத்து, தூக்கக் கயிறும் போட்டிருந்தான். அந்த வேலையில் குறை சொல்ல முடியாது.

டிக்கியில் ஸ்டெப்னியும் தண்ணீர்க் கேனும் இருந்தன. பின்சீட்டில் போட்டால் உருண்டு சத்தம் போடும். எங்கே வைக்கலாம் என்று பார்த்தேன். கால்பலகைக்கு அடியில் நல்ல சந்து இருந்தது. உள்ளே தள்ளினேன். கட்டையும் போய், அப்படி இப்படி நகர இடமும் மிச்சம் இருந்தது. வெளியே பார்த்தால் கட்டை இருப்பதே தெரியாது. எதையும் அதனதன் இடத்தில் வைக்கிற பழக்கம் எனக்குக் கண்டக்டர் பையிலிருந்தே உண்டு.

அடுத்த வாரம், எங்கள் ஊர் ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்குகிறேன். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கிறேன். பெடல் இறங்கவே இல்லை. ஏதோ பாறையை மிதிக்கிற மாதிரி நிற்கிறது. வண்டி பாட்டுக்குப் போகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கத்தினேன். முப்பத்தொரு வருஷம் அந்த ஒரு சொல்லுக்கு வண்டி நின்றிருக்கிறது. பழக்கம் விடுமா? மயிலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து கால் இரண்டையும் எட்டி எட்டி உதைக்கிறாள். பயத்தில் உதைக்கிறாள் என்று நினைத்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த மண்மேட்டில் கொண்டுபோய் ஏற்றினேன். நின்றது.

மறுபடியும் இன்னாசி. அவனிடம் ஒரு ஒழுங்கு உண்டு. எந்த வண்டி வந்தாலும் முதலில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஜாக்கியைத் தொடுவான். என் வண்டியிலேயே கட்டை இருப்பது அவனுக்குத் தெரியும். அதை எடுத்துச் சக்கரத்துக்கு வைப்பான். மாஸ்டர் சிலிண்டரைப் பிரிப்பான், பிரேக் ஆயில் மாற்றுவான், குழாயில் அடைத்த காற்றை எடுப்பான். வண்டியை எடுத்துக்கொண்டுபோய் அதே மேம்பாலத்தில் ஏறி இறங்குவான். தொட்டால் நிற்கும். திரும்பி வந்து, ஷெட்டில் கிடக்கிற கட்டையை எடுத்து, துடைத்து, கால்பலகைக்கு அடியில் பத்திரமாக வைத்து, "கட்டை உள்ள இருக்குதுங்ணா, மறந்துராதீங்க" என்று சொல்லி அனுப்புவான். அடுத்த தடவை பாலம் இறங்கினால், பெடல் பாறை.

இப்படி எத்தனை தடவை என்று நான் கணக்கு வைக்கவில்லை. ஏறும்போது ஒன்றும் ஆகாது. சமதரையில் ஒன்றும் ஆகாது. இறக்கத்தில்தான். அதுவும் இன்னாசி கையில் ஆகாது, என் கையில்தான் ஆகும். "வண்டி உங்களப் பாத்தா மட்டும் பயந்துக்குதுங்ணா" என்றான் அவன். நான் பஸ்ஸில் இதைவிடப் பெரிய பெரிய நக்கல் எல்லாம் கேட்டவன். விட்டுவிட்டேன்.

ஆனால் குழந்தைசாமியை விட முடியுமா? வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"மாப்ள, ஹெட்மாஸ்டர் வண்டின்னு பொய் சொல்லி என் தலையில கட்டிட்டியே."

"நான் எப்ப மச்சான் ஹெட்மாஸ்டர்னு சொன்னேன்?"

"ஸ்கூல் வண்டின்னு சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன். அது டிரைவிங்..."

"டிரைவிங்கைப் பத்தி நீ எனக்குச் சொல்லாத. நீ பொறக்கறதுக்கு முன்ன இருந்து நான் பஸ்ல இருக்கேன்."

அது கொஞ்சம் கூடத்தான். அவன் பிறந்து பத்து வருஷம் கழித்துத்தான் நான் வேலையில் சேர்ந்தேன். கோபத்தில் வருவதுதான்.

அவன் எழுந்து போய்விட்டான். அப்போதுதான் என் மகள் சிந்துஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வைகாசியில் முகூர்த்தம். எங்கள் பக்கத்தில், பெண்ணைத் தாய்மாமன் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டும். பத்திரிகை அடித்தால், சாமிக்கு அடுத்து முதல் பத்திரிகை தாய்மாமன் வீட்டுக்கு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். நான் சொல்லிவிட்டேன்: பிரேக் இல்லாத வண்டியைக் கொடுத்தேன் என்று அவன் வாயால் ஒத்துக்கொண்டால்தான் என் கை பத்திரிகையைத் தொடும்.

மயிலாத்தாளும் சொல்லிவிட்டாள். "எந்தம்பிக்கு வைக்காம நான் வேற ஒரு வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். மாமன் இல்லாம எம்புள்ள மணவறைக்கு வரமாட்டா."

பத்திரிகைக் கட்டு பூஜை அலமாரியில் அப்படியே இருந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன்மேல் போன். உங்கள் சொந்தக்காரர்களுக்கே இன்னும் பத்திரிகை வரவில்லையாமே, கல்யாணம் உண்டா, இல்லையா என்று கேட்கிறார்கள். சிந்துஜா ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, கல்யாணம் எனக்கா, காருக்கா?"

எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. குழந்தைசாமி அவளைத் தோளில் வைத்து வளர்த்தவன். அது எனக்குத் தெரியாதா? மாமன் இடத்தில் வேறொருவனை நிறுத்த எனக்கு மட்டும் ஆசையா? ஆனால் சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே. ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது, பொண்ணு கல்யாணத்துக்கு அப்பனே முட்டுக்கட்டை போடுகிறான் என்று. பாருங்க நியாயத்தை. ஓட்டை வண்டியைக் கொடுத்தவன் அவன், முட்டுக்கட்டை நானாம்.

கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். குழந்தைசாமி என் பக்கத்தில் உட்காரட்டும். இன்னாசி சாட்சிக்கு வரட்டும். மேம்பாலத்தில் ஏறி இறங்குவோம். பிரேக் பிடித்தால், நான் இறங்கி அந்த இடத்திலேயே பத்திரிகை வைக்கிறேன். பிடிக்காவிட்டால், அவன் எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டு வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அவன் சரி என்றான். மயிலாத்தாள் பத்திரிகைக் கட்டை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். அவள் அவ்வளவு நம்பிக்கையாக ஏறியது எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆக, காலை ஒன்பது இருபது. வண்டியில் நாலு பேர். குழந்தைசாமி முன்னால் ஏறியதும் வண்டி அவன் பக்கம் சாய்ந்தது. முழங்கால் இரண்டும் டேஷ்போர்டில் இடிக்க, பாதங்களைக் கால்பலகையில் தூக்கி வைத்துக்கொண்டான். பாலத்தில் ஏறினோம். உச்சியில் நான் ஒருதரம் தொட்டுப் பார்த்தேன். பிடித்தது.

"பிடிக்குதே, மச்சான்" என்றான்.

"இரு மாப்ள. இன்னும் இறங்கல."

இறங்கினோம். பாதி இறக்கத்தில் மிதித்தேன்.

பாறை.

எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களிடம் எப்படிச் சொல்வது? "பிடிக்கல! பாத்தியா? பிடிக்கல! இன்னாசி, நீயும் பாரு!" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் கூவினேன். இத்தனை மாசம் என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பார்த்தார்களே! வண்டி வேகம் எடுக்கிறது. இன்னாசி பின்னால் மாதாவைக் கூப்பிடுகிறான். பாலத்தடியில் ஒரு அம்மா கரும்பு ஜூஸ் வண்டி போட்டிருக்கிறாள். சுற்றிலும் ஜனம்.

"மச்சான், முன்னால பாருங்க!"

"நீ முதல்ல ஒத்துக்க!"

"ஹேண்ட் பிரேக்கை இழுங்க!"

"ஒத்துக்கிட்டியா, இல்லியா?"

குழந்தைசாமி பயத்தில் இரண்டு காலாலும் பலகையை அமுக்குகிறான். அப்போது பின்னாலிருந்து மயிலாத்தாள் போட்டாளே ஒரு சத்தம்: "டேய் குழந்தை! பலகையை நல்லா மிதிடா! அதுதான்டா பிரேக்கு!"

"இறங்கலக்கா! அடியில என்னமோ தடுக்குது!"

"கையை உட்டு எடுடா!"

அவன் அந்த உடம்பை மடக்கிக் குனிந்து, கயிற்றைப் பிடித்து, கட்டையை உருவி ஜன்னல் வழியாக வெளியே எறிந்துவிட்டு, பலகையில் ஏறி நின்றான். ஏறித்தான் நின்றான். சத்தியமாகச் சொல்கிறேன், எந்த பஸ்ஸும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. நாலு பேரும் ஒருதரம் முன்னால் போய்ப் பின்னால் வந்தோம். ஜூஸ் வண்டிக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவே ஒரு கரும்பு மட்டும் நுழையலாம்.

இன்னாசிதான் இறங்கி வந்து, இடதுபக்கக் கதவைத் திறந்து, பலகையைத் தூக்கிப் பார்த்தான். அடியில் ஒரு பெடல். பெடலிலிருந்து ஒரு இரும்பு ராடு என் பக்கத்துப் பிரேக்குக்குப் போகிறது. அவன் கையால் அமுக்கினான், என் காலடியில் பெடல் தானாக இறங்கியது.

"அண்ணா, இது டிரைவிங் ஸ்கூல் வண்டிங்ணா. சொல்லிக்குடுக்கற வாத்தியாருக்கு வச்ச பிரேக்கு இது. இதுக்கு அடியில எதாச்சும் இருந்தா உங்க பெடலும் இறங்காது. எறக்கத்துல கட்டை முன்னால நகந்து வந்து..." என்றவன் வெற்றிலையைத் துப்பத் திரும்பிக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் கட்டையைத் துடைத்து உள்ளே வைத்தது யார் என்பது அவனுக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

குழந்தைசாமி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "அன்னிக்கு டிரைவிங் ஸ்கூல்னு சொல்ல வந்தேன், மச்சான். நீங்க உடல."

நான் மயிலாத்தாள் பக்கம் திரும்பினேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் தடவையே தெரியுங்க. கொடுமுடி போறப்ப, எதுக்க வந்த டிராக்டரப் பாத்துப் பயந்து பலகையில காலை அமுக்கினேன். வண்டி வேகம் கொறஞ்சுது. அப்புறம் எப்பெப்ப நிக்கோணுமோ அப்பெல்லாம் நான்தான் நிறுத்தினேன்."

"அரிசி மூட்டையெல்லாம் ஏத்தி ஓட்டிப் பாத்தனே. அப்பவாச்சும் சொல்லக்கூடாதா?"

"அரிசி மூட்டைக்குக் கால் இருக்குதான்னு நீங்க யோசிச்சீங்களா? நான் சொன்னா பலகையைப் பிடுங்கிப் போடுவீங்க. அப்புறம் வண்டியை யாருங்க நிறுத்தறது? பாலத்துல பலகை இறங்காதப்ப, சரி, இதுவும் ஜாம் ஆயிருச்சு போலன்னு விட்டுட்டேன். நீங்க கட்டையை அங்க வச்சிருப்பீங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஜூஸ்கார அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் விடவில்லை. வார்த்தைக்கு வார்த்தை பார்க்க வேண்டாமா?

"அதெல்லாம் இருக்கட்டும். பந்தயம் என்ன? பிரேக் பிடிக்கலன்னா அவன் ஒத்துக்கணும். பிடிக்கல. எல்லாரும் பாத்தீங்க."

"வண்டி நின்னுதே, மச்சான்."

"நீ நிறுத்தின. நான் நிறுத்தல."

"எந்தக் காலு மிதிச்சா என்னங்க? பிடிச்சது இந்த வண்டிப் பிரேக்குத்தானே?"

"என் மகள் கல்யாணத்துக்கே முட்டுக்கட்டை போட்டுட்டு வாயப் பாரு."

குழந்தைசாமிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அவ்வளவு பெரிய ஆள், ஆனால் குரல் ஏறவில்லை. "நான் முட்டுக்கட்டை குடுத்தேன், மச்சான். போட்டது நீங்க."

கூட்டத்தில் ஒருவன் கைதட்டினான். அவனை எனக்குத் தெரியும். ஒருதரம் டிக்கெட் இல்லாமல் வந்து என்னிடம் மாட்டினவன்.

ஜூஸ்கார அம்மா கேட்டாள், "ஏனுங்க, பிரேக்கு புடிச்சுதா இல்லியாங்கறத நின்னு பேசறதுக்கு நீங்க எல்லாரும் உசுரோட இருக்கீங்களே, அப்பறம் என்ன?"

மயிலாத்தாள் யாரையும் பார்க்கவில்லை. மஞ்சப்பையைப் பிரித்து ஒரு பத்திரிகையை எடுத்தாள். "ஏனுங்கம்மா, அந்தத் தட்டைக் கொஞ்சம் குடுங்க" என்று எலுமிச்சம்பழம் வைத்திருந்த எவர்சில்வர் தட்டை வாங்கினாள். பழத்தில் ஒன்றை அதிலேயே விட்டுவைத்தாள். இன்னாசி மடியிலிருந்து வெற்றிலை பாக்கு வந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு என்னிடம், "பக்கத்துல வந்து நில்லுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தம்பிக்கு நடுரோட்டில் பத்திரிகை வைக்கிற அவமானம் அவளுக்கு இருக்காதா?

நின்றேன். நின்றேன், அவ்வளவுதான். கை வைக்கவில்லை. அவள் நீட்டும்போது தட்டு ஒருபக்கம் சாய்ந்தது. பழம் உருண்டது. விழுந்துவிடுமே என்று நான் பிடித்தேன். குழந்தைசாமி இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டான். நானும் சேர்ந்து கொடுத்ததாக அவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். தட்டு விழாமல் பிடித்ததைக் கொடுத்ததாக எழுத முடியுமா? முடியாது. நான் சொன்ன சொல்லில் நின்றேன். பத்திரிகை வைத்தது அவள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சிந்துஜாவைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தான் மாமன்காரன். அப்போது அவன் அழுதான் என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. என் கண்ணில் ஓமப் புகை பட்டு எனக்கே எதுவும் சரியாகத் தெரியவில்லை.

அப்புறம் இன்னாசி, "அந்த ராடை அறுத்து எடுத்துரட்டுங்களாண்ணா?" என்று கேட்டான். எடு என்றேன். மயிலாத்தாள் கூடாது என்று வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள். எனக்கும் தோன்றியது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று. என்னிடம் குறை இருந்ததால் இல்லை. பழைய வண்டியில் இருக்கிற சாமானைக் கழற்றினால் வேறு எதாவது கெடும்.

ஒன்றை மட்டும் இப்போதும் கேட்கிறேன். ‘டிரைவிங்’ என்ற சொல்லை முதலிலேயே சொல்லாமல், வெறும் ‘ஸ்கூல் வண்டி’ என்று சொன்னது யார்? அந்தக் கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தது யார்? நீங்களே யோசித்துப் பாருங்க. நான் சொன்னால் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இதோ, புகளூர் வந்துவிட்டது, அடுத்தது வேலாயுதம்பாளையம். அங்கே எனக்கு ஒரு கல்யாணம். வீட்டிலிருந்து மற்றவர்கள் முன்னாலேயே காரில் போய்விட்டார்கள். கார் இருக்கும்போது நீங்க எதற்கு பஸ்ஸில் போறீங்க என்றுதானே பார்க்கறீங்க? வைகாசி கழிந்து மூன்று மாசம், காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, மில்லுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் அவர்கள் இரண்டு பேரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. செப்டம்பர் பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை, மயிலாத்தாளுக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைத்தது. பழக்கியது அவள் தம்பி.